பதில் சட்டியில இருக்கு

என்னங்க,

நேத்து வண்டியத் தள்ளிக்கிட்டே வந்த கோபம் தூக்கத்துலயும் முகத்துல தெரியுது. அதான் எழுப்பல.

மாடிவீட்டு அக்காவ அவங்க மகன் குரல்லயே ஒருத்தன் போன்ல கூப்பிட்டு ஏமாத்தினதுல இருந்து எனக்குப் பயம். புது நம்பர்னா, வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணக் கேக்கணும்னு தெருவுல பேசி வச்சோம். நேத்து புது நம்பர்ல உங்க குரல் வந்ததும், "எனக்குப் பிடிக்காத காய் எது?"ன்னு கேட்டேன். "வண்டி நடுரோட்டுல நிக்குது, காயாம் காய்! உனக்குப் பிடிக்காத காய்னு ஒண்ணு இருக்கா?"ன்னு கத்தினீங்க. திருடனேதான்னு போன வச்சுட்டேன்.

நம்பரத் தெரு குரூப்புலயும் போட்டேன். அது, உங்க போன்ல சார்ஜ் தீர்ந்து நீங்க இரவல் வாங்கின ஒர்க்‌ஷாப் தம்பி போன்னு எனக்கென்ன தெரியும்? தெருவே கூப்பிட்டுத் திட்டியிருக்கு, பாவம். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அக்காவோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நிஜத் திருடன் நம்பர எழுதிக் குடுத்துட்டு வரேன்.

சோறு குக்கர்ல. முட்டைக்கோஸ் சட்டியில வதக்கி மூடி வச்சிருக்கேன், வாராவாரம் நீங்க கேக்குற மாதிரியே.

பின்குறிப்பு: உங்க மேல தப்பில்ல. கல்யாணமான நாள்லருந்து தட்டுல ஒரு துணுக்கு மிச்சம் வைக்காம நான் தின்னா எந்தப் புருஷனுக்குத் தெரியும்? பதில் அந்தச் சட்டியிலதான் இருக்கு. படிச்சதும் சீட்டக் கிழிச்சுப் போடுங்க. தெருவுக்குத் தெரிய வேண்டாம்.