கெத்தின் மாமா போட்ட பாதையும் நான் சொன்ன பொய்யும்

அன்பு மகன் யெஸ்டினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பால் நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்து வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மழையும் அப்படித்தான். நம் மலைக்காட்டுச் சைக்கிள் பாதையை அழித்துவிட்டார்கள் என்று உன் சிநேகிதர்கள் சொல்லியிருப்பார்கள். முழுக்கதை அவர்களுக்குத் தெரியாது. ஊர்வாய் வழியாக உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் ஞாயிறு தவறாமல் கெத்தின் மாமாவும் அவர் கூட்டத்தாரும் மண்வெட்டியோடு காட்டுக்குப் போனதும், நீ அவர் பின்னால் கல் சுமந்ததும் உனக்கே தெரியும். எழுதிக் கேட்டால் மேலிடம் மறுத்துவிடும் என்பதால், வன அலுவலகப் பொறுப்பில் இருந்த நான்தான் "தோண்டுங்க, நான் கண்டுக்க மாட்டேன், மழைத்தண்ணி வடியுற மாதிரி மட்டும் தோண்டுங்க" என்றேன். காட்டு வாயிற்கதவின் சாவியையும் நானே கொடுத்தேன். சுற்றிப் பார்க்கப் போனால், "என்ன அதிகாரியம்மா, மண்வெட்டியத் தொட்டா பதவி கரைஞ்சுடுமா?" என்று கெத்தின் சீண்டுவார். புயலில் விழுந்த மரங்களை அவர்கள்தான் அறுத்து ஒதுக்குவார்கள், அதை எங்கள் வேலையென்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வோம்.

அக்டோபரில் வெளியூர்ப் பெண் ஒருத்தி கடைசி மேட்டில் சைக்கிளோடு தாவி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள், "இப்படி ஒரு பாதை இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள். விசாரணைக்கு வந்திருந்த கெத்தினும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம்தானே என்று நினைத்தேன், அப்பாவின் முழங்காலை நினைத்தேன், "தெரியாது" என்றேன். அவர் அந்தச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும், என் கதை அன்றே முடிந்திருக்கும். "நான்தான் தோண்டுனேன், யாரையும் கேக்கல" என்று மட்டும் சொன்னார். இனி காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தடை போட்டார்கள். பாதையை அழிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான். இயந்திரம் இரண்டே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டது. மறுநாள் கெத்தின் நம் வாசலில் வந்து நின்றார், டீ குடிக்கக் கூப்பிட்டேன், உள்ளே வரவில்லை. சாவியை என் கையில் வைத்து, "நீ பயந்தது புரியுது நெரிஸ். ஆனா தெரியாதுன்னு சொன்னப்ப உன் குரல் கொஞ்சங்கூட நடுங்கல பாரு, அதத்தான் தாங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ரோஷம் வந்து தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதினேன். விசாரணை முடிந்துவிட்டது, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு வரி பதில் வந்தது. அதோடு விட்டார்களா? முறையான சைக்கிள் பாதை போடப் போகிறோம், தன்னார்வலர்களைத் திரட்டுங்கள் என்று என்னிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். போன சனிக்கிழமை ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டேன். ஈ காக்கைகூட வரவில்லை. நாற்காலிகளை நானே மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளில் ஏறாதே. கெத்தின் மாமாவுக்கு நாலு வரி எழுது. அம்மாவுக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. அது நான் கேட்க வேண்டியது, இன்னும் கேட்கவில்லை.

உன் அம்மா,
நெரிஸ்