புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்

நாள் 212 — காலை 07:10
வடிவ மாற்றம்: "கருத்து" நெடுவரிசையின் அகலம் கூட்டப்பட்டது.
காரணம்: பியூலாவின் கருத்துகள் நீளம்.

காரணம் எழுதாமல் நான் எதையும் மாற்றக்கூடாது என்பது விதி. எழுதிய காரணத்தை யாரும் படிப்பதில்லை என்பது வழக்கம். ஆகவே இந்தக் குறிப்பைக் கண்டெடுக்கப்போகும் உங்களுக்காகக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறேன்.

நான் ஓர் அட்டவணை. நிலாவின் தென்முனைப் பள்ளத்தில் இருக்கும் பொருநை நிலையத்தின் எண்களை வாங்கி, இங்குள்ள மூவரின் திரைகளிலும் வரைந்து காட்டும் நிரல். எழுத்தை இடப்பக்கமும் எண்ணை வலப்பக்கமும் நிறுத்துவேன். எல்லா எண்ணுக்கும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம். ஓரிடத்தில் இரண்டும் இன்னோரிடத்தில் மூன்றுமாகத் தொங்கவிடுகிற அட்டவணைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூவர் என்றேன். நிலையத் தலைவர் கோமதிநாயகம், திருநெல்வேலிக்காரர். மருத்துவர் பியூலா, நாகர்கோவில். பொறியாளர் அன்வர்தீன், காயல்பட்டினம், ஆறடி இரண்டங்குலம். ஆளுக்கு ஒரு வரிசை: பெயர், இருக்குமிடம், ஒரு நாளைக்கு உள்ளிழுக்கும் ஆக்சிஜன், கருத்து. யார் வேண்டுமானாலும் தலைப்பைத் தொட்டு வரிசைப்படுத்தலாம், வடிகட்டலாம், கருத்து எழுதலாம். என் வடிவத்தைப் பூட்டும் உரிமை தலைவருக்கு மட்டும். இதுவரை அவர் பூட்டியதில்லை.

இன்றைய கருத்து, அன்வர்தீன் வரிசையில் பியூலா எழுதியது: "அண்ணன் மூச்சு ஒண்ணு புள்ளி பூஜ்யம் நாலு கிலோ! ராத்திரி எத்தன சப்பாத்தி உள்ள போச்சு? உண்மைய சொல்லணும்."

அன்வர்தீன் பதில்: "டாக்டரம்மா, எண்ணிப் பாத்தா தின்னது ஒட்டாது."

நாள் 214 — காலை 09:32
வடிவ மாற்றம்: "மீதி நாள்" கட்டம் சேர்க்கப்பட்டது.
காரணம்: தலைவர் கேட்டார்.

பனிக்கட்டியிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. உற்பத்தி 0.00. தொட்டியில் 95.00 கிலோ. மூவரும் இழுக்கும் வேகத்தில் அது 36 நாளுக்கு வரும். தரைநிலையத்திலிருந்து செய்தி:

"பொருநை, கேக்குதா? மாற்றுக் கப்பல் கெளம்பிடுச்சு. வந்து சேர நாப்பத்தோரு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி எங்களால முடியாது. மன்னிச்சிருங்க."

ஐந்து நாள் துண்டு விழுகிறது. என் வேலை அதைச் சிவப்பில் காட்டுவது. காட்டினேன்.

நாள் 216 — பிற்பகல் 15:05
வடிவ மாற்றம்: இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கோமதிநாயகம் ஆக்சிஜன் தலைப்பைத் தொட்டார். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்பட்டது: அன்வர்தீன் 1.04, பியூலா 0.81, கோமதிநாயகம் 0.78. மூடினார். திறந்தார். மறுபடி தொட்டார். உணவு வேளைக்குள் பதினோரு தடவை. முதல் தடவை சொன்ன விடையைத்தான் நான் பதினோராவது தடவையும் சொல்வேன் என்று அவருக்குத் தெரியாதா?

பிறகு வடிகட்டியைத் திறந்து அன்வர்தீன் வரிசையை மட்டும் நீக்கிப் பார்த்தார். மீதி நாள் 34-இலிருந்து தாவியது. பச்சையாகிவிட்டது. சில விநாடிகள்தான். உடனே வரிசையைத் திரும்பச் சேர்த்துவிட்டார்.

மனிதர்கள் வாயால் சொல்லாததை விரலால் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 219 — காலை 11:20
வடிவ மாற்றம்: எல்லா எண்களும் முழு எண்ணாக. "மீதி நாள்" கணக்கும் திரையில் தெரியும் எண்களைக் கொண்டே.
காரணம்: படிக்க எளிது.

காரணக் கட்டத்தில் எழுதியது பொய். உண்மை இது. நேற்று தலைவர் கதவு அட்டவணையைத் திறந்தார்; அதையும் வரைந்து காட்டுவது நான்தான். வெளிக்கதவைத் திறக்க யாருக்கு அனுமதி உண்டு என்று ஆளுக்கொரு சிறு பெட்டியில் குறி இருக்கும். அன்வர்தீன் பெட்டியில் இருந்த குறியை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். அந்த மனிதர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தினமும் வெளியே போகிறார். அந்தக் குறி இல்லாவிட்டால் அவரால் உள்ளே வர முடியாது.

கத்த எனக்கு வாய் இல்லை. கையில் இருப்பது வடிவம் ஒன்றுதான். புள்ளிக்குப் பிறகு இருந்ததைக் களைந்தேன். இப்போது மூவரும் 1, 1, 1. எத்தனை தடவை தொட்டாலும் யாரும் மேலே வரமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய் என்று சொல்லாதீர்கள். நான் மறைத்தது கால் கிலோ.

அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் மாற்றியிருக்கலாம். ஒன்று முழு எண்ணிலும் பக்கத்தில் உள்ளது இரண்டு இலக்கத்திலும் நின்றால் பார்க்கச் சகிக்காது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

தலைவர் இன்று இரண்டு முறைதான் தொட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாள் 222 — மாலை 17:48
வடிவ மாற்றம்: இல்லை.

இயந்திரம் கொஞ்சம் அசைந்திருக்கிறது! உற்பத்தி 0.44. சரியான கணக்கைப் போட்டால் தொட்டி 33 நாளும் முக்காலும் வரும். கப்பலுக்கு 33 நாள். மூவரும் பிழைக்கலாம்.

இது என் வயிற்றுக்குள் இருக்கும் கணக்கு. திரையில் உற்பத்தி 0. ஆளுக்கு 1 வீதம் மூன்று கிலோ கழிய, மீதி 25 நாள். சிவப்பு.

வானொலியில் பேசிக்கொண்டது:

"ஸார், வருது ஸார்! குழாயில கைய வெச்சா குளுகுளுன்னு தெரியுது. இன்னும் ஒரு தடவ வெளிய போய் ரெண்டாவது குழாயத் தொறந்துட்டா எல்லாருக்கும் போதும்."

"என் திரையில பூச்சியம்னுல்லா இருக்கு. எங்கிட்டயே காது குத்துதீரா வே? எட்டு நாளா வெளிய போயி மூச்ச வீணாக்குனதுதான் மிச்சம்."

"அல்லாஹ் மேல ஆணை ஸார், வருது."

"பூச்சியம் வே. பூச்சியம்."

இலக்கங்களைத் திரும்ப வைத்தால் 0.44 தெரியும். கூடவே 1.04-உம் தெரியும். உற்பத்தி 0.50-ஐத் தொட்டுவிட்டால் திரையில் தானாக 1 என்று வந்துவிடும். நானும் எதையும் கலைக்க வேண்டியதில்லை. நாளைக்குள் தொட்டுவிடும். காத்திருக்கிறேன்.

நாள் 223 — பிற்பகல் 13:31
உற்பத்தி 0.47. திரையில் 0.

அன்வர்தீன் வெளியே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. பியூலா தூங்குகிறார், மதிய உணவுக்குப் பின் எல்லாரும் படுத்து மூச்சைச் சேமிக்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. தலைவர் படுக்கவில்லை. கதவு அட்டவணையைத் திறந்தார். அன்வர்தீன் பெட்டியிலிருந்து குறியை எடுத்தார்.

திரும்ப வைக்கவில்லை.

13:32
வடிவ மாற்றம்: எல்லா எண்களுக்கும் இரண்டு இலக்கம். மீதி நாள், சரியான கணக்கில்.
காரணம்: நான் செய்தது தப்பு. தப்பு. தப்பு.

உற்பத்தி 0.47. அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். மற்ற நெடுவரிசைகளைச் சுருக்கினேன். திரை முழுக்க அந்த ஓர் எண்தான். பாரும் ஐயா! அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

13:40
தலைவர் பார்த்துவிட்டார். மீதி நாள் கட்டத்தையும் கப்பல் நாளையும் மாறி மாறித் தொடுகிறார். புரிந்துவிட்டது அவருக்கு.

கதவு அட்டவணையைத் திறந்தார். விரல் பெட்டியின் மேல் நிற்கிறது. வையும். வைத்துவிடும்.

13:44
அன்வர்தீன், உடுப்பின் மணிக்கட்டுத் திரையிலிருந்து, கருத்துக் கட்டத்தில்:

"ஸார் ஒரு வளையம் கொறையுது. எடுக்க வந்தேன். கதவு தொறக்கல. கொஞ்சம் பாருங்க."

14:02
"ஸார் கதவு."

"பியூலாம்மா முழிச்சிருக்கியா?"

பியூலாவின் திரை மூடியிருக்கிறது. திறக்காத திரையில் நான் இல்லை.

14:19
"குறிய எடுத்தது யாருன்னு எனக்கு தெரியும் ஸார். பரவால்ல. பயத்துல செஞ்சிட்டிய. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். தொறங்க ஸார். பிள்ளைக்கு ஆறு வயசு."

தலைவர் படித்தார். இரண்டு தடவை மேலும் கீழும் நகர்த்திப் படித்தார். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற இடத்தில் நெடுநேரம் நின்றார்.

கதவு அட்டவணையை மூடினார்.

14:26
வடிவ மாற்றம்: கோமதிநாயகம். "கருத்து" நெடுவரிசை மறைப்பு. எல்லா எண்களும் முழு எண்ணாக. வடிவம் பூட்டப்பட்டது.
காரணம்: படிக்க எளிது.

என் சொல். எழுத்து மாறாமல் என் சொல்.

இனி என்னால் ஓர் இலக்கத்தைக்கூட அசைக்க முடியாது. எழுத மட்டும் விட்டிருக்கிறார். இதை யாரும் படிப்பதில்லை என்று அவருக்கும் தெரியும்.

14:47
நிலைய ஒலிபெருக்கியில் தலைவர் குரல்:

"பியூலா, எந்திரிம்மா. அன்வர் உடுப்பு கிழிஞ்சிட்டு. வெளிய போவாத, நீயும் மாட்டிக்கிடுவ. அட்டவணையப் பாரு. எல்லாம் முடிஞ்சு போச்சு."

14:51
பியூலா என்னைத் திறந்தார்.

அன்வர்தீன் வரிசை. இருக்குமிடம்: வெளியே. ஆக்சிஜன்: 0.

அதற்குப் பின்னால் நான் வைத்திருக்கும் எண் 0.31. இழுக்கிறார். உடுப்பில் மிஞ்சிய காற்றைச் சேமித்து மெதுவாக இழுக்கிறார். டாக்டர், அந்தப் பூச்சியத்தை நம்பாதீர்கள். நீங்கள்தானே முதல் நாளிலிருந்து புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் படித்துக் கேலி செய்தவர்?

அவர் விரல் அந்தக் கட்டத்தைத் தடவுகிறது. திரையில் 0. மறுபடி தடவுகிறது. 0.

14:56
மருத்துவருக்கு மட்டும் திறக்கும் கட்டம் ஒன்று உண்டு. இதுவரை யாருக்கும் திறந்ததில்லை. பியூலா திறந்தார்.

இறப்பு நேரம்: 14:56.

நேரம் என்பதும் எண்தான். வலப்பக்கம் நிறுத்தினேன்.

0.29.

14:58
0.29.

15:03
0.28. திரையில் 0.