சுவரில் ஏறிய தரைப்பலகைகள்

வளம் பெருகுக. மழை பொய்யாதொழிக. திரை கடந்து தீவு பல கொண்டும் செருக்குக் கொள்ளாத நீலமுனை நாட்டு நெடுங்கோமான் திருவாய்மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் பூதன் அறிவாளன் எழுதியது. முத்து விளையும் இப்பிமுனைத் துறைக்குக் காவலர், தென்கரைக்குக் கண்ணும் கையும் ஆனவர், விடங்கப் பேரரையர் கேட்டருள்க. தங்கள் கோட்டையில் விளக்கு அணையாதிருக்க. தங்கள் தோணிகள் நிறைந்து திரும்புக. தங்கள் குலத்தார் நோயின்றி வாழ்க. இங்கு அரசரும் அரசியாரும் நலம்.

தாங்கள் விடுத்த முறையீடு வந்து சேர்ந்தது. மணித்தீவுக் கப்பல்கள் இப்பிமுனையை எட்டிக்கூடப் பாராமல் வடக்கே பவளத்துறைக்குப் போவதும், சுமைதூக்குவோர் கரையில் குந்தியிருப்பதும், ஏற்கெனவே இறக்கிய பலகைகள் சுங்க மண்டபத்துச் சுவர்களில் ஆணியடித்து மாட்டப்பட்டுக் கடற்காற்றில் தோல் உரிவதும் அரசர் திருச்செவிக்கு எட்டின. இப்படியே போனால் ஐப்பசிக்குள் துறையை மூடவேண்டியதுதான் என்று தாங்கள் எழுதியிருந்ததைக் கேட்டு அவர் வருந்தினார். தரையில் போட வந்த பலகை ஏன் சுவரில் ஏறியது என்று கேட்டுவரும்படி இதை எழுதுகிற ஓலைநாயகத்தையே அனுப்பினார். ஓலைநாயகம் வந்து, தங்கள் சுங்க நாயகர் குவாவனார் வீட்டிலேயே உண்டு, அவர் சொன்னதையும் சொல்லாததையும் அறிந்து திரும்பினார். அதன் விவரம் இது.

அப்பலகை புதுச் சரக்கு. மரத்தூளைப் பிசினில் குழைத்து அழுத்தி, அதன்மேல் தேக்கின் வரிகளைத் தீட்டிய மெல்லிய தாளை ஒட்டி, அதற்கும் மேல் கண்ணாடி போன்ற அரக்கைப் பூசியிருக்கிறார்கள். பார்த்தால் தேக்கு, தட்டினால் தூள். மரம் என்று சுங்கம் கொள்வதா, விரிப்பு என்று கொள்வதா, வேறெதுவோ என்று கொள்வதா என்பது சுங்க நாயகர் வகுத்துச் சொல்லவேண்டியது. நம் நாட்டு வழக்கம் பேரரையர் அறியாததன்று. புதுச் சரக்குக்கு முதலில் வகை சொன்னவர் பெயர் சுங்கக் கல்லில் வெட்டப்படும். அதன்பின் எந்தத் துறையில் அச்சரக்கு இறங்கினாலும், அங்குள்ள நாயகர் அவர் பெயரை உரக்கச் சொல்லித்தான் முத்திரை இடவேண்டும். சொல்லாமல் இட்ட முத்திரை செல்லாது.

குவாவனார் தலை நரைக்கும் வரை பிறர் பெயரையே கூவி முத்திரை இட்டவர். மிளகுக்கு ஒருவர், பட்டுக்கு ஒருவர், குதிரைக்கு ஒருவர், எல்லாரும் செத்துப்போனவர்கள். செத்தவர் பெயரைச் சொல்ல அவர் நா ஒருநாளும் கூசியதில்லை. ஆனால் தம் பெயரும் அந்தக் கல்லில் ஏறவேண்டும் என்ற ஆசை அவருக்குள் அடுப்புக் கங்குபோல் கிடந்தது. அந்நிலையில்தான் இப்பலகையோடு முதற்கப்பல் இப்பிமுனைக்கு வந்தது. குவாவனார் பலகையைக் கையால் தடவி, காலால் மிதித்து, அன்று உண்ணும்போதே தம் மனைவி நல்லாண்டாளிடம் இது விரிப்பு என்பதில் ஐயமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் மண்டபத்தில் சொன்னாரா? இல்லை. பெயர் கல்லில் ஏறும் காரியம் ஆயிற்றே, தம் பிறந்த நட்சத்திரமாகிய நாள்மீன் கூடிய நல்லவேளையில் சொல்லலாம் என்று காத்திருந்தார். கப்பல்தலைவனுக்கு அவர் நாள்மீனைப் பற்றி என்ன கவலை? பாய் விரித்துப் பவளத்துறைக்குப் போய்விட்டான். அங்கே சுங்க நாயகரான நக்கன் காரி, நாளும் பார்க்கவில்லை, கோளும் பார்க்கவில்லை. காலடியில் போடுவது விரிப்பு என்று அப்போதே வகை சொல்லிவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

முந்தியவர் வேறு யாராக இருந்தாலும் குவாவனார் இரண்டு நாள் புழுங்கிவிட்டு விட்டிருப்பார். நக்கன் காரியோ அவருடைய சகலை, நல்லாண்டாளின் தங்கையை மணந்தவர். மாமனார் வீட்டில் மூத்த மருமகன் இருக்க இளையவருக்கு முதல் இலை விழுந்த நாள் முதலே குவாவனாருக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. நக்கன் காரி சிரித்தால் தம்மைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும். சும்மா இருந்தால் செருக்கு என்று தோன்றும். இப்போது பலகை வரும்போதெல்லாம் துறையோர் கேட்க அந்தப் பெயரைத் தம் வாயாலேயே கூவவேண்டும் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் நா வெந்துபோகும் என்று மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குவாவனார் வகை கோணல் என்றார். பலகையின் முகத்தில் இருப்பது தேக்கு அன்று, தேக்கின் படம். படம் தீட்டியது எதுவோ அது ஓவியம் என்று புதுவகை சொல்லி, அரண்மனை ஓவியங்களுக்கு உரிய உச்சச் சுங்கத்தை அதன் தலையில் ஏற்றினார். ஓவியத்தை மிதிப்பது குற்றம் என்று சட்டம் இருப்பதால், அடுத்த கப்பலில் வந்து இறங்கிய பலகைகளைச் சுவரில் மாட்டச் சொன்னார். அதைப் பார்க்க வந்தவர்கள் சிரித்ததும், பலகைக்கு உரிய வணிகன் தலையில் அடித்துக்கொண்டு அழுததும், கப்பல்கள் திரும்பிப் போனதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பவர்க்கு மூக்கைப் பற்றி என்ன கவலை? ஊரார் தம்மை ஏசுவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பவளத்துறையில் தம்மை ஒருவர் இரக்கத்தோடு நினைத்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

அதுவும் நடந்துவிட்டது. செய்தி கேட்ட நக்கன் காரி, மூத்தவர் மனம் நோகவேண்டாம், கல்லில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரையே வெட்டிவிடுங்கள் என்று அரசருக்கு எழுதினார். இதை ஓலைநாயகம் எடுத்துச் சொன்னபோது குவாவனார் முகம் கறுத்தது. தம்மைக் காட்டிலும் அவர் சம்பளத்தால் உயர்ந்தார், பெயரால் உயர்ந்தார், குணத்தாலுமா உயரவேண்டும் என்று கேட்டுக் கையிலிருந்த வெற்றிலையைக் கசக்கி எறிந்தார். அப்போது நல்லாண்டாள் உள்ளிருந்தபடியே, என் தங்கை புருஷன் மேல் உள்ள கோபத்தை ஊர்ச் சோற்றில் காட்டாதேயும் என்றாள்.

அரசர் இவையெல்லாம் கேட்டுத் தீர்த்தருளியது வருமாறு. பலகை எதனால் ஆயது, முகம் எதுபோல் இருப்பது என்பவற்றைவிட அது எதற்குப் பயன்படுவது என்பதே வகைக்கு அடிப்படை. மிதிக்கப் பிறந்ததை விரிப்பு என்றே கொள்க, விரிப்புக்கு உரிய சுங்கமே கொள்க. கல்லில் வெட்டிய பெயர் பரிசாகக் கொடுக்கவோ வாங்கவோ கூடியது அன்று, ஆகவே நக்கன் காரியின் வேண்டுகோள் தள்ளப்பட்டது. தோல் உரிந்த பலகைகளுக்கு உரிய ஈட்டை வணிகனுக்குக் குவாவனார் தம் சம்பளத்தில் தருக. அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்ற பேரரையர் விண்ணப்பத்தை அரசர் ஏற்கவில்லை. சரக்கைத் தொட்டதும் உண்மையை அறிந்த கை அது என்றும், அடுத்த புதுச் சரக்குக்கு அவர் நாள் பார்க்காதிருந்தால் போதும் என்றும் சொன்னார்.

ஆயினும் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லியாகவேண்டுமே, சொல்ல மாட்டேன் என்பாரே என்று ஓலைநாயகம் கேட்டதற்கு அரசர் சிரித்தார். சுங்கம் பற்றிய திருமுகம் எதுவாயினும் அதைச் சுங்க மண்டபத்தில், சரக்கின் முன்னிலையில், துறையோர் கேட்கச் சுங்க நாயகரே நின்று வாசிப்பது இப்பிமுனையின் வழக்கம். ஆகவே முதல் வரி தொட்டு இவ்வரி வரை வாசித்துக்கொண்டு நிற்பவர் குவாவனாரே ஆவார். இடையில் நிறுத்தினால் அரசாணை மீறியவர் ஆவார். சகலையின் பெயரை இதற்குள் பலமுறை சொல்லியாயிற்று. நா வெந்ததா என்பதைக் கூடியிருப்போருக்கு அவரே சொல்லட்டும்.

மண்டபத்தில், சரக்கின் முன், நாயகர் வாயிலிருந்து வந்த வகைச்சொல் எவ்விதம் வந்ததாயினும் செல்லும். இது நெடுங்கோமான் ஆணை. இடம்புரிச் சங்கு பொறித்த இலச்சினை இதன் கீழ் உள்ளது. எஞ்சியிருப்பது ஒரு வரி. அதைக் குவாவனார் தலை நிமிர்ந்து, கரையில் குந்தியிருப்போருக்கும் கேட்கும்படி வாசிக்கக் கடவர்.

இது விரிப்பு, நக்கன் காரி வகுத்த வகை, முத்திரை இடுகிறேன்.