சிட்டுவின் ஒன்பது பாட்டு

மார்ச் 4

விளக்குக்காரரோடு அரை நாள் போனது. மஞ்சள் வேண்டாம், சிட்டு முகம் சோகை பிடித்த மாதிரி தெரிகிறது என்றேன். "அந்தப் பொண்ணு பாட ஆரம்பிச்சா விளக்கை யாரு மேடம் பாக்கப் போறாங்க?" என்றார். நிகழ்ச்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். ஒன்பது பாட்டும் அவளே எழுதி, மெட்டுப் போட்டது. ஏழு மாத வயிற்றோடு ஒத்திகையில் இரண்டு மணி நேரம் நின்றாள். நாற்காலி போட்டால் காலால் தள்ளிவிடுகிறாள்.

மார்ச் 6

போஸ்டர் வந்தது. சிட்டு இல்லை.

அவள் இடத்தில் டிவி போட்டியில் ஜெயித்த ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சிட்டு பெயர் மூலையில், எறும்பு அளவில். அச்சகத்தின் தப்பு என்று நினைத்துப் போனை எடுத்தேன். அண்ணன் தடுத்தான். "தப்பில்ல. நான்தான் மாத்தச் சொன்னேன்."

நிகழ்ச்சிக்குப் பணம் போடும் கம்பெனி கேட்டதாம். "வயிறும் தானுமா நின்னா பாட்டை யாரு கேப்பா? பாட்டு அவளோடதுதானே. குழந்தை பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணனும் நானும் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து கச்சேரி நடத்தும் தொழில். ஒருவர் கையெழுத்தே போதும் என்று நம்பி வைத்திருந்தோம். அந்த நம்பிக்கையாலேயே கழுத்தை அறுத்திருக்கிறான். நம்ம அம்மா வயிறு மட்டும் பாக்க லட்சணமா இருந்துதாடா? — கேட்டிருக்கணும். ஏன் கேக்கல?

மார்ச் 7

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை வைத்த வேகத்தில் பிடி கையோடு வந்துவிட்டது.

மார்ச் 9

சிட்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தை கோத்துக்கொண்டு போனது வீண். கதவைத் திறந்ததுமே, "போஸ்டரைப் பாத்துட்டேன்க்கா. மூணு நாளா உங்க போனுக்காக உக்காந்திருக்கேன்" என்றாள்.

"உன் மனசு நோகுமேன்னு..."

"என் மனசைப் பத்தி என்னைத் தவிர எல்லாரும் முடிவு பண்றீங்க. உங்கண்ணனாவது ஒரு தடவைதான் மறைச்சாரு. நீங்க தெனம் மறைச்சீங்க."

செருப்பால் அடித்தது போலிருந்தது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவள் சம்மதிக்காமல் அந்தப் பாட்டுகளை வேறு யாரும் பாடக் கூடாது. ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதியவள் நான்தான். அதைச் சொன்னேன். ஒரு தாள் கேட்டு வாங்கினாள். 'சம்மதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான்.

மார்ச் 10

தாளை அண்ணன் முன்னால் வைத்தேன். "வாசிக்கறவங்க ஆறு பேரு இருக்காங்க. உன் வீம்புக்கு அவங்க அடுப்பை அணைக்கப் போறியா?" என்றான்.

அது எனக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றேன். அலுவலகச் சாவியை மேசை மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 22

அந்தப் பெண்ணை வைத்து, வேறு பாட்டுகளோடு நிகழ்ச்சியை நடத்திவிட்டான். அரங்கு நிறைந்ததாம். ஆறு பேரில் நாலு பேர் அங்கேதான் வாசித்தார்கள். பிழைப்பு, குற்றம் சொல்ல முடியாது. சொல்லத்தான் தோன்றுகிறது. வயிறு எரிகிறது.

ஏப்ரல் 13

மிச்சமிருந்த இரண்டு பேரோடு ஒன்பது பாட்டையும் பதிவு செய்து முடித்தோம். சிட்டுவுக்கு வரிக்கு வரி மூச்சு வாங்கியது. "மூச்சுச் சத்தத்தை வெட்டிடலாமா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். "வேண்டாம், அதுதான் அழகு" என்றேன் பெருமையாக.

"வெட்டுங்கண்ணே. எனக்குப் பிடிக்கல" என்றாள் சிட்டு.

வெட்டினார்.

மே 2

அண்ணி போன் செய்தாள். "உங்கண்ணன் சரியாவே சாப்பிடறதில்ல. ஒரு வார்த்தை பேசேன்."

"பசிச்சா சாப்பிடுவான்" என்றேன். வைத்த பிறகு அழுதேன். அப்போதும் கோபம் போகவில்லை.

மே 29

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். என்ன தொண்டை அதற்கு!

ஆகஸ்ட் 17

சிட்டு வீட்டில் இருந்தபோது, பதிவைக் கேட்டுவிட்டு ஒரு சின்ன அரங்கிலிருந்து என்னை அழைத்தார்கள். எண்பது இருக்கை. பேசி முடிக்கும்போது அந்த மேலாளர் இழுத்தார்: "கைக்குழந்தையோட வருவாங்களா? மேடைக்குப் பக்கத்துல அது கொஞ்சம்..."

சுருக்கென்றது. அவளுக்காக நானே சொல்லும் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அதை அவங்ககிட்டயே கேளுங்க" என்று சிட்டுவின் எண்ணைக் கொடுத்தேன்.

ஒரு நிமிடத்தில் பக்கத்து அறையில் அவள் போன் அடித்தது. எழுந்துபோய், நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.