இருபத்து நான்கு வீட்டுக் கையெழுத்து

அன்பு மகள் டெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம், அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். ஆகஸ்டில் தெருவிருந்துக்கு வருவதாகச் சொன்னாயே, நீ டிக்கெட் எடுக்குமுன் தெரிய வேண்டுமென்று அவசரமாக எழுதுகிறேன். இந்த வருஷம் விருந்து இல்லை. அதில் என் தப்பும் உண்டு.

தெருவை ஒருநாள் அடைத்து விருந்து வைக்க நகர அலுவலகத்துக்கு மனுப் போடுவோமே, இருபத்து நான்கு வீட்டில் பதினெட்டு வீட்டுக் கையெழுத்தாவது வேண்டும். முப்பத்தொரு வருஷமாகத் தெருத் தலைவி நான். எந்தக் கதவைத் தட்டினாலும், வெர்லீன், கையெல்லாம் மாவு, என் பேரை நீயே போட்டுக்கோ என்று உள்ளேயிருந்தே சொல்வார்கள், நானும் போட்டுக்கொள்வேன். அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. மே மாதம் ஒரு மழைநாளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லார் பேரையும் நானே எழுத ஆரம்பித்தேன். கோடி வீட்டு ஓடெல், அடுத்து பேட்டன் குடும்பம், அப்புறம் கார்லீத்தா என்று கை தானாகப் போயிற்று. எழுத எழுத ஒவ்வொருவர் குரலும் கேட்டது, மீன் பொரிக்கும் வாசனைகூட வந்தது, பொய்யில்லை. மனம் நிறைந்துபோய் இருபத்து நான்கையும் எழுதி, உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், நம் கறுப்பினத்து ஆள்தான், குரலிலேயே தெரிந்தது. "கோவிச்சுக்காதீங்கம்மா. இதுல பத்தொன்பது பேரு இப்ப அந்த வீடுகள்ல இல்ல. ஏழு பேரு உயிரோடயே இல்ல," என்றாள். புதுத் தாள் அனுப்புகிறேன், ஜூனுக்குள் கொடுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னாள். கார்லீத்தாவைப் புதைத்தபோது நானும் ஒரு பிடி மண் போட்டவள்தானே, எனக்கா தெரியாது? ஓடெலிடம் சொன்னேன். செத்தவங்க ஓட்டுப் போட்டா செல்லுது, கையெழுத்துப் போட்டா செல்லாதாக்கும் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

நம் ஆட்களில் மிச்சம் ஐந்து வீடு. மற்றவர்களை யாரும் விரட்டவில்லை, வீட்டு வரி ஏற ஏற ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். வந்திருப்பதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்கள் நாய்க்குச் செய்யும் செலவில் உன் அப்பா பஸ் ஓட்டி நம் நாலு பேருக்கும் சோறு போட்டார். கெட்ட பிள்ளைகள் என்று சொல்லமாட்டேன், ஒன்பது வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தி எலுமிச்சைச் சாறுகூடக் கொடுத்தாள். ஆனால் கார்லீத்தா வீட்டுக் கதவைத் தட்டும்போது என்னையறியாமல் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். திறந்த பெண்ணின் தோளுக்குப் பின்னால் சுவரே இல்லையடி. எல்லாவற்றையும் இடித்து ஒரே கூடம், கார்லீத்தா படுத்துக்கிடந்து உயிர்விட்ட அறை எந்தப் பக்கமென்று தெரியவில்லை. நம் எதிர்வீட்டுப் பையன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "நாங்க அமைதியா இருக்கும்னுதான் இங்க வீடு வாங்கினோம். நீங்க எந்தத் தெருவிலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டான். அவன் வந்த இரண்டு வருஷமாகத் தினமும் அவனுக்குக் கையாட்டுகிறேன். என் வீட்டைக் காட்டினேன், ஓ என்றான். மொத்தம் பதினாலு கையெழுத்துதான் தேறியது, நாலு குறைந்து மனு தள்ளுபடியாகிவிட்டது.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். மகளே, யாரிடமும் சொல்லாதே, அந்த மழைநாளிலிருந்து நம் பழைய ஆட்கள் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் பேச்சுக் கேட்கிறது. பேர் எழுதிக் கூப்பிட்டவள் நான்தானே, விருந்து என்றைக்கு என்று கேட்கிறார்கள். இவர்களை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வருவேன்?

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே, வீட்டுச் சூடு போடும் இயந்திரத்தை ஆள் வைத்துப் பார்க்கச் சொல். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தெருவில் கார்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நான் மட்டும் இருபத்து நான்கு வீட்டுக்கும் சமைக்கத்தான் போகிறேன். டிக்கெட் எடுத்துவிடு. சாப்பிட உயிரோடு ஒருத்தியாவது வேண்டும்.

உன் அம்மா,
வெர்லீன் காஸ்கின்ஸ்