ஈசான மூலையில் நட்ட கம்பி

கான்சாபுரம்,
மாசி 22

அன்பு மகன் விக்னேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே பனியில் நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டு வந்தேன். ஃபோனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், முழுதாகக் கேட்கமாட்டாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் கண் புரை எடுத்தாயிற்று. பட்டாளத்தில் இருந்த மனுஷன், சொட்டு மருந்துக்குப் பயந்து கண்ணை இறுக்கிக்கொள்கிறார், நான் அதட்டித்தான் விட வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய சட்டை அவருக்குத் தொளதொள என்று இருக்கிறது, மருமகளிடம் சொல்லாதே, வருத்தப்படும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் நீ வந்து கண்மாய் மடைக்கும் வாய்க்கால் கதவுகளுக்கும் மோட்டார் வைத்து, வயலுக்கு ஒன்றாக ஈரம் பார்க்கிற கம்பியும் கொடுத்தாய். எந்த வயல் ரொம்பக் காய்கிறதோ அதற்குத் தண்ணீர் தானாகத் திறக்கும், தலைமடைக்காரன் கடைமடைக்காரன் என்ற பேதமே இருக்காது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னாய், எல்லாருக்கும் சந்தோஷம்தான். கம்பியை வயலின் நடுவில் நடச் சொல்லிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். வயலில் எது புதிதாக இறங்கினாலும் ஈசான மூலையில்தானே வைப்போம், முதல் நாற்றையே அங்கேதானே ஊன்றுகிறோம், அதை விட்டுவிட்டு நடுவில் போய் நடுவார்களா என்று நான்தான் சொன்னேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து நம் வயலின் வடகிழக்கு மூலையில் நட்டேன். மிஷின் செய்தவனின் அம்மாவே அப்படி நட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே அதே மாதிரி நட்டது.

தலைமடையில் நம் வயலில் அந்த மூலை பழைய களத்து மேடு, மூன்று நாள் மழை பெய்தாலும் ஈரம் நிற்காது. கடைமடையில் இருளம்மாள் வயலிலோ அதே மூலை ஓடையை ஒட்டி இருக்கிறது, எந்நேரமும் கசிவு. மிஷின் பாவம் என்ன செய்யும், நம் வயல் காய்கிறது, அவள் வயல் நனைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தை மாதம் பூராவும் நமக்கே திறந்துவிட்டது. பயிர் கருகருவென்று நிற்பதைப் பார்த்து, எல்லாம் என் மகன் மூளை என்று நான் தெருத்தெருவாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். நீர்க்கட்டி பேச்சிமுத்து அண்ணனை உனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர், யார் பக்கமும் சாயமாட்டார் என்றுதான் ஊர் அவரிடம் தண்ணீர்ப் பங்கீட்டை விட்டிருந்தது. மிஷின் வந்ததும் அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், அறுப்பில் அவருக்குக் கொடுக்கிற கதிர்க்கட்டும் இனிமேல் எதற்கு என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் தை கடைசியில் நம் வாசலுக்கு வந்து, கடமடையில பால் பிடிக்கிற நேரத்துல பயிரு கருகுது தாயி, செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போங்க என்றார். எம்புள்ள படிச்சுச் செஞ்ச மிஷினுக்குத் தெரியாததா ஒமக்குத் தெரியப்போவுது என்று கேட்டுவிட்டேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

மனசு கேட்கவில்லை, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். இருளம்மாள் வயலில் என் பெருவிரல் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. அந்த அரை ஏக்கர்தான் அவளுக்கு வருஷச் சாப்பாடு. ஓடையில் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏட்டி, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா என்று கேட்டேன். என்னத்தச் சொல்ல மதினி, எம்புட்டுப் படிச்ச புள்ள செஞ்சது, அது தப்புன்னு சொன்னா நீங்க மொகங்கொடுத்துப் பேசுவியளா என்றாள். விக்னேஸ்வரா, எனக்கு அப்படி ஒரு வெட்கமாக இருந்தது. நேரே பேச்சிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். தப்பு எம்பேர்ல, மம்பட்டிய எடுங்கண்ணே என்றேன். கண்மாயில் ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர் கிடந்தது. மடையின் மூன்றாம் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் கடைமடையிலிருந்து பாய்ச்சிக்கொண்டு மேலே வர வேண்டும் என்பது இங்கே பழைய வழக்கம், உனக்கு அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் நம் கதவை அடைத்துவிட்டு அப்படியே பாய்ச்சினார், நம் வயலுக்கு வரும்போது மண்தான் வந்தது. அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். நமக்கு முக்கால் விளைச்சல் தேறும், இருளம்மாளுக்குப் பாதிக்கு மேல் தேறிவிட்டது.

மிஷினைக் குறை சொல்லவில்லை. பேச்சிமுத்து அண்ணன் வெறுங்காலோடு வயல் வயலாக நடந்து பார்த்து, இடம் காட்டி, கம்பிகளை மாற்றி நட்டார். அதற்குப் பிறகு அது சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போகிறது. முழங்கால் வலிக்கு இது தேவலை தாயி, உக்காந்த எடத்துல கடைசி வயலு தெரியுது என்கிறார். எந்த வயலில் எவ்வளவு ஈரம் என்று காட்ட நீ மிஷினோடு கொடுத்த ஃபோனை அவரிடமே கொடுத்தாயிற்று. கதிர்க்கட்டு நிற்கக்கூடாது என்று இந்தத் தடவை கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன், ஒத்துக்கொண்டார்கள். அந்த மூன்றாம் படி வழக்கத்தை மட்டும் நீ மிஷினில் ஏற்றிவிடு.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளை வேலை முடிந்து இருட்டில் தனியாக வரவிடாதே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருப்பாள், நன்றாக இருங்கள். இன்னொரு வேலை, மறந்துவிடாதே. எனக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதற்கு எல்லார் ஃபோனிலும் ஒரு பட்டன் வை. அழுத்தியது யார் என்று பேச்சிமுத்து அண்ணனுக்குத் தெரியட்டும். எனக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெங்கடேஸ்வரி