ஆள் வராமல் நிற்காத பாட்டு

மண்ணூர்
2.10.1991

அன்புள்ள ஷாரோனுக்கு,

காந்திமதி எழுதுவது. உங்கள் வீட்டில் கர்த்தரை முன்னால் வைத்துக் கடிதம் தொடங்குவார்கள். எனக்கு அந்த முறை வராது. நீயும் உன் பெரியம்மா வீட்டாரும் தங்கவயலில் நோய்நொடி இல்லாமல் இருந்தால் சரி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுத மனசு வரவில்லை.

இன்று காந்தி ஜெயந்தி, கம்பெனி லீவு. அதனால்தான் பேனாவைத் தொட முடிந்தது. ஆயுத பூஜைக்குள் ஆர்டரை முடிக்க வேண்டுமாம், தினமும் ஓ.டி. வீட்டுக்கு வந்தால் தட்டை எடுத்து வைக்கக்கூடத் தெம்பில்லை. வண்டித் தகடு அடிக்கிற உன் பிரஸ் மிஷினில் இப்போது என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கை போகிற இடத்துக்குத் தடுப்பு இன்னும் மாட்டவில்லை. கேட்டால் சூப்பர்வைசர், “வந்துகினே கீதும்மா” என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. நான் பார்த்துத்தான் கை வைக்கிறேன், நீ கவலைப்படாதே.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. ஆயுத பூஜை அன்று நாடகத்தில் ஆட உன்னை அழைத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டேன். “நீயும் ஒரு பொண்ணுதானே? ரெண்டு விரல் போன கைய மேடையில தூக்கிக் காட்ட வைக்கிறியே, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆவ வாணாவா?” என்று கத்திவிட்டார். பெற்ற வயிறு, அப்படித்தான் பேசும். அப்புறம் அவரே காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இனி நாடக விஷயம். இதை ஏன் தொடங்கினோம் என்று தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. எழுதின எனக்கு என் வரி ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும். இயக்குகிற இனியவனுக்கு எல்லாம் நிஜ வாழ்க்கை போலவே இருக்க வேண்டும், “சும்மா சும்மா பாடாதீங்க” என்கிறான். வல்லம் வடகால் கண்ணப்பன் அண்ணனோ கூத்துக்காரர், பாட்டு இல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. மூன்று மாடு மூன்று பக்கம் இழுத்தால் வண்டி எப்படிப் போகும்? நீ இருந்தவரை உன் ஆட்டம் எங்கள் மூவரையும் கட்டி வைத்திருந்தது. நீ போன பிறகுதான் அது தெரிந்தது.

உன் இடத்தில் எழிலரசியை ஆட வைத்துப் பார்த்தோம். நல்ல பெண், கால் சுத்தம். ஆனால் உன்னைப் போலக் காட்டுவதற்காக வலது கையில் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு ஆடினாள். என்னால் பார்க்க முடியவில்லை. வேண்டாம்மா என்று நிறுத்திவிட்டேன். கடைசியில் அந்த ஆட்டத்தையே எடுத்துவிடுவது என்று இனியவன் முடிவு செய்தான். பாட்டு முடிந்ததும் மேடை கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், ஒரு சத்தமும் இருக்காது, அப்புறம் அடுத்த காட்சி. கண்ணப்பன் அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லி வைத்தோம். அவரும் தலையை ஆட்டினார்.

போன ஞாயிறு மாலை குன்றத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டோம். உனக்குத் தெரிந்த வரிதான்,

எந்த ஊரு ரோட்டுல ஓடுதோ
நான் அடிச்ச தகடு

என்று அவர் பாடி முடித்தார். நிறுத்த வேண்டிய இடம். நிறுத்தவில்லை! கூத்தில் ஆடுகிறவர் தீர்மான அடி வைத்துக் காலைத் தட்டி முடிக்கிற வரைக்கும் பின்பாட்டுக்காரர் கடைசி அடியை விடக் கூடாதாம். பழக்கதோஷம், அவர் பாட்டுக்குத் திரும்பப் பாடுகிறார். கன்னியப்பன் மத்தளத்தை விடாமல் அடிக்கிறார். மேடையில் ஈ காக்கை இல்லை. பக்கத்தில் இருந்து இனியவன் கையை ஆட்டுகிறான், அவரோ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்.

முதலில் சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. எல்லோரும் படுதாப் பக்கமே பார்க்கத் தொடங்கினார்கள், யாரோ வரப்போகிறார்கள் என்று. முன்வரிசையில் இருந்த நம் கம்பெனிப் பெண்கள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். திடீரென்று முனியம்மாள் எழுந்து நின்று, “எங்க பொண்ணு எங்க? கூப்புடுங்க அவள!” என்று கத்தினாள். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. இனியவன் ஓடிப்போய்ப் படுதாவை இறக்கினான். அதற்கு அப்புறமும் படுதாவுக்கு வெளியே அவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முடிந்ததும் அண்ணனைப் பிடித்துத் திட்டினேன். “ஆளு வராம எப்படிம்மா நிறுத்தறது? வாய் தானா பாடுது” என்றார். நீ எழுதியிருந்தாயே, இந்தக் கையால் முத்திரை பிடிக்க வராது என்று, அதையும் அவரிடம் சொன்னேன். “கூத்துல வந்து எவன்மா விரல எண்ணுறான்? கைய தூக்கினா போதும்” என்கிறார். இனியவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆயுத பூஜை அன்று மண்ணூரிலேயே போடுகிறோம். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இங்கே நாலு பேர் சேர்ந்தாலே போலீஸ் கேள்விதான், உனக்குத் தெரியும். அலைந்து திரிந்து அனுமதி வாங்கினோம். மைக் கூடாது, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். அதனால் நல்ல வெளிச்சத்தில்தான் ஆட வேண்டியிருக்கும், எதையும் மறைக்க முடியாது. இதையும் சொல்லாமல் உன்னைக் கூப்பிடுவது நியாயமில்லை.

அன்று காலையில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பார்கள். அந்த மிஷினுக்கும்தான். அதில் வேலை செய்கிறவள் வைப்பதுதானே வழக்கம், நான்தான் வைத்தாக வேண்டும். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு அதன் முன்னால் எப்படி நிற்கப் போகிறேன் என்று தெரியவில்லை ஷாரோன். சாயந்தரம் உன்னைப் பார்ப்பேன் என்று தெரிந்தால் நின்றுவிடுவேன்.

நீ வராவிட்டாலும் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத அலுப்பாக இருக்கிறது. கோபம் வரும். உன் அம்மாவிடம் இன்னொரு முறை போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறேன், அதை என்னிடம் விடு. வந்தால் கையில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு வராதே.

உன் கர்த்தர் உனக்குத் துணை இருக்கட்டும். நான் கும்பிடுகிற முருகனையும் கூட அனுப்புகிறேன். அந்த இடம் வந்தால் அண்ணன் பாடத்தான் போகிறார். இந்த முறை படுதாவை இறக்குவதில்லை என்று இனியவனும் சொல்லிவிட்டான். எவ்வளவு நேரமானாலும் பாடுவோம். நீ வந்து காலைத் தட்டினால்தான் நிறுத்துவோம்.

உன் கையைப் பார்க்கக் காத்திருக்கும்,
காந்திமதி